பல் வெள்ளையாக வேண்டும்: எலுமிச்சையா, உமிக்கரியா, ஆப்பச் சோடாவா, நல்லெண்ணெயா?

அக்கா மகளுக்குத் தை மாதம் கல்யாணம். ஐப்பசி கடைசியில் ஒரு நாள் ராத்திரி போன் பண்ணினாள். "சித்தி, நிச்சயதார்த்த போட்டோல என் பல்லு மட்டும் மஞ்சளா தெரியுது. எலுமிச்சம்பழத்துல உப்பு தொட்டுத் தேய்ச்சா ரெண்டு வாரத்துல வெள்ளை ஆயிடும்னு சொல்றாங்க, தேய்க்கட்டுமா?" தேய்க்காதே என்று உடனே சொல்லிவிட்டேன். என் இருபத்திரண்டு வயதில் நான் செய்ததும் அதையேதான். காலையில் பல் துலக்கியதும் அரை மூடி எலுமிச்சையில் உப்பைத் தொட்டு முன்பற்களில் தேய்ப்பேன், கிட்டத்தட்ட ஒரு மாதம். முதல் வாரம் பளிச்சென்று இருந்தது, அம்மாகூட கவனித்துக் கேட்டார்கள். நாலாவது வாரம் பானைத் தண்ணீர் குடித்தாலே மேல் முன்பல் இரண்டும் சுரீர் என்று கூசும். இன்றைக்கும் மாங்காய்ப் பத்தையை முன்பல்லால் கடிக்க முடியாது, கடைவாயில் வைத்துத்தான் கடிக்கிறேன்.

ஆனால் செய்யாதே என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தால் அவள் வேறு எதையாவது எடுத்துத் தேய்ப்பாள். அதனால் வீட்டில் கிடைக்கிற ஒவ்வொன்றும் பல்லில் என்ன செய்கிறது, எது ஓரளவு வேலை செய்யும், எது வெறும் நம்பிக்கை, எது ஆபத்து என்று உட்கார்ந்து எழுதி அவளுக்கு அனுப்பினேன். அதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பல் எந்த மஞ்சள் என்று தெரிய வேண்டும். இதைப் பார்க்காமல் எதைத் தேய்த்தாலும் வீண். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக ஒரு கைக்கண்ணாடியோடு நின்று, உதட்டைத் தூக்கி, பல்லை நாக்கால் ஈரப்படுத்திவிட்டுப் பாருங்கள். ஈறை ஒட்டி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில், கீழ் முன்பற்களின் உள்பக்கம் என்று சில இடங்களில் மட்டும் பழுப்பாக, நாக்குக்குச் சொரசொரப்பாக, நகத்தால் சுரண்டினாலும் வராமல் கெட்டியாக இருந்தால் அது காரை. எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பல்லில் படிந்த அழுக்கோடு சேர்ந்து கல்லாகிப் போனது. டீ, காபி, வெற்றிலை பாக்கு, சிகரெட் கறை பழுப்பாகவோ கறுப்பாகவோ திட்டுத் திட்டாக இருக்கும், ஆனால் சொரசொரப்பு அவ்வளவு இருக்காது. பல் முழுக்க ஒரே சீராக இளமஞ்சள், அதிலும் ஈறுப் பக்கமும் கோரைப்பல்லும் கொஞ்சம் கூடுதல் மஞ்சள் என்றால் அது கறையே இல்லை, உங்கள் பல்லின் சொந்த நிறம்.

இந்தச் சொந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பல்லின் மேலே இருக்கிற எனாமல் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள், ஏறத்தாழ 96 சதவீதம் தாதுதான். அது பால் கண்ணாடி மாதிரி, வெளிச்சத்தை ஓரளவு உள்ளே விடும். அதற்குக் கீழே இருக்கும் டென்டின் பிறவியிலேயே மஞ்சள். நாம் பார்க்கிற நிறம் எனாமல் வழியாகத் தெரிகிற டென்டினின் நிறம்தான். வயது ஏற ஏற மேலே எனாமல் தேய்ந்து மெலிகிறது, உள்ளே டென்டின் தடிக்கிறது, பல் மஞ்சளாகிறது. எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைத்து வெளியே வரும்போதே அழிந்துவிடுவதால், போன எனாமல் திரும்ப வளரவே வளராது. அப்படியென்றால் வெள்ளையாக்குகிறேன் என்று எனாமலைத் தேய்த்துக் கரைக்கிற எந்த வழியும் கடைசியில் பல்லை இன்னும் மஞ்சளாக்கும். எல்லாவற்றையும் இந்த ஒன்றை வைத்துத்தான் எடை போட்டேன்.

இன்னும் சில வகை உண்டு, வீட்டு வைத்தியத்துக்கு அசையாதவை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். நிலைப்பல் ஈறுக்குள் உருவாகிற சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் சுண்ணாம்பு வெள்ளையாகவோ பழுப்பாகவோ குறுக்குக் கோடுகள் விழுந்திருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுதான் முக்கியக் காரணம். 2013ல் அது செயல்பாட்டுக்கு வந்தது, ஆனால் அதற்கு முன் வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் அந்தக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. அது எனாமலுக்குள்ளேயே பதிந்த குறை, மேலே தேய்ப்பதால் போகாது. சிறு வயதில் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வரும் சாம்பல் பட்டைகளும் அப்படித்தான். ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் அடிபட்டு உள்ளே நரம்பு செத்திருக்கலாம், அதற்கு நேராகப் பல் டாக்டரிடம் போக வேண்டும்.

சரி, பொருள்களுக்கு வருகிறேன். எலுமிச்சையை முதலில் வைக்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் செய்வதும் அதுதான், அதிகம் கெடுப்பதும் அதுதான்.

எனாமல் கரையத் தொடங்கும் அமில எல்லை பிஎச் 5.5 அளவில் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு 2, 2.5 அளவில் இருக்கும். இந்த அளவுகோலில் ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு ஏறும் என்பதால், 5.5க்கும் 2.5க்கும் நடுவில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். அக்கா மகளுக்குப் புரிய வைக்க ஒரு முட்டை ஓட்டை எலுமிச்சைச் சாற்றில் போட்டு வீடியோ எடுத்து அனுப்பினேன். போட்டவுடனே ஓட்டின் மேலெல்லாம் பொடிப் பொடியாய் நுரைக் குமிழ் ஏறியது, காலையில் எடுத்து விரலால் அழுத்தினால் அப்பளத் துண்டு மாதிரி நொறுங்கியது. முட்டை ஓடு சுண்ணாம்புக் கல் வகை, எனாமல் அதைவிடப் பல மடங்கு உறுதியானது, இரண்டும் ஒன்றில்லை என்றும் அவளிடம் சொன்னேன். ஆனாலும் கரைகிற திசை ஒன்றே, வேகம்தான் வேறு.

பிறகு ஏன் முதல் வாரம் பளிச்சென்று தெரிகிறது? அமிலம் மேல் கறையையும் அதோடு சேர்த்து எனாமலின் மேல் தோலையும் அரித்துவிடுகிறது. அரித்த பரப்பு பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மங்கிய வெள்ளையாகத் தெரியும், அதைத்தான் வெள்ளையாகிவிட்டது என்று நினைத்து ஏமாந்தேன். அந்தச் சொரசொரப்பில் அடுத்த டீக்கறை இன்னும் சுலபமாக ஒட்டும். இதோடு உப்பையும் சேர்த்தால் அமிலம் இளக்கிய எனாமலை உப்புக் கல் ராவி எடுத்துவிடுகிறது. சாப்பாட்டில் எலுமிச்சை சாதமோ ஊறுகாயோ சாப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது எச்சிலோடு கலந்து வயிற்றுக்குப் போகிறது. பல்லில் பிடித்து வைத்துத் தேய்ப்பதுதான் கெடுதல். ஜூஸ் குடித்தாலும் உடனே பிரஷ் எடுக்காமல் வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்குவது நல்லது. ஆப்பிள் சைடர் வினிகரையும் இதே கணக்கில்தான் வைக்கிறேன், அது சீமையிலிருந்து வந்த எலுமிச்சை, அவ்வளவே.

எலுமிச்சையையும் ஆப்பச் சோடாவையும் கலந்து பொங்கப் பொங்கத் தேய்க்கச் சொல்கிறார்களே என்று கேட்டாள். அந்தப் பொங்கலைப் பார்த்து ஏதோ வேலை நடக்கிறது என்று தோன்றும். சோடா அமிலத்தை முறிக்கும்போது கிளம்பும் காற்றுதான் அது. சோடா குறைவாகப் போட்டால் மிச்ச அமிலம் பல்லை அரிக்கும், அதிகம் போட்டால் எலுமிச்சை போட்டதற்கே அர்த்தமில்லை. இதற்கு வெறும் சோடாவே மேல்.

அடுத்து கரி. இதில் எனக்கு மனசு இரண்டாகப் பிரிகிறது, ஏனென்றால் எங்கள் அப்பாயி சாகும்வரை உமிக்கரியில்தான் பல் துலக்கினார்கள். கொல்லைப்புறத் துளசி மாடத்துப் பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் உமிக்கரி, அதில் கொஞ்சம் உப்பு, இரண்டு கிராம்பு நுணுக்கிப் போட்டிருக்கும். ஆள்காட்டி விரலால் எடுத்து வறட் வறட் என்று தேய்க்கும் சத்தம் கிணற்றடிவரைக்கும் கேட்கும். எழுபது வயதிலும் எல்லாப் பல்லும் இருந்தது, முறுக்கு கடிப்பார்கள். கரியால்தான் அந்தப் பல் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். ஆனால் அவர்கள் சிரிக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஈறை ஒட்டிய இடத்தில் ஒவ்வொரு மேல் பல்லிலும் அரிவாளால் வெட்டின மாதிரி ஒரு பள்ளம், நகத்தை வைத்தால் மாட்டும், அந்தப் பள்ளத்துக்குள் நல்ல மஞ்சள். எனாமல் தேய்ந்து டென்டின் வெளியே தெரிந்த இடம் அது. பல் நிலைத்ததற்குச் சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும் இல்லாமல் வளர்ந்த வாழ்க்கைதான் பெரிய காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

உமிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. நெல் உமியை முழுக்க எரித்துச் சாம்பலாக்கினால் அதில் 90 சதவீத அளவுக்கு சிலிகா, அதாவது மணலும் கண்ணாடியும் எந்தப் பொருளால் ஆனதோ அது. கடைப் பேஸ்ட்டிலும் சிலிகாதான் போடுகிறார்கள், ஆனால் அது நீரேற்றி மென்மையாக்கி, துகள் அளவு பார்த்துப் போட்டது. வீட்டில் இடித்த உமிக்கரியில் எந்தத் துகள் எவ்வளவு பெரிது, எவ்வளவு கூர்மை என்று யாருக்கும் தெரியாது. இரண்டு விரலுக்கு நடுவில் எடுத்து நசுக்கிப் பாருங்கள், மாவு மாதிரி வழுக்காமல் நெறுநெறுவென்று இருந்தால் பல்லிலும் அதே நெறுநெறுப்புதான். செங்கல் பொடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்போது டப்பாவில் வரும் ஆக்டிவேட்டட் கரியைக் காட்டி, நச்சை உறிஞ்சும், கறையையும் உறிஞ்சும் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் விஷம் குடித்தவர்களுக்குக் கரி கொடுப்பது உண்மை, அது வயிற்றுக்குள் கரைந்து கிடக்கும் விஷத்தைப் பிடித்துக்கொள்கிறது. பல்லில் காய்ந்து ஒட்டிய கறை அப்படிக் கரைந்து கிடப்பதில்லை, இரண்டு நிமிஷத் தேய்ப்பில் உறிஞ்சி எடுக்கவும் முடியாது. நிறம் மாறினால் அது ராவியதால் வந்த மாற்றம். 2017ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் கரிப் பேஸ்ட், கரிப் பொடி பற்றி அதுவரை வந்தவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்து, இவை பாதுகாப்பானவை என்பதற்கோ வேலை செய்கின்றன என்பதற்கோ போதிய ஆதாரமில்லை என்று எழுதினார்கள். இன்னொரு தொல்லை, பல்லில் அடைப்பு வைத்திருந்தால் அதன் ஓரத்தில் கரித்துகள் போய் உட்கார்ந்து கறுப்புக் கோடாகிவிடும். கல்யாணப் பெண்ணுக்கு அது தேவையா?

ஆப்பச் சோடா, சமையல் சோடா என்று நாம் சொல்கிற பேக்கிங் சோடாவைத்தான் வீட்டுப் பொருள்களில் நான் முதல் இடத்தில் வைக்கிறேன். தேய்க்கும் பொருள்கள் டென்டினை எவ்வளவு ராவுகின்றன என்பதற்கு ஆய்வுக்கூடத்தில் ஒரு அளவுகோல் உண்டு, ஆர்டிஏ என்பார்கள். வெறும் சோடாவுக்கு அதில் 7. பேஸ்ட்டுகளுக்கு அனுமதித்த உச்ச எல்லை 250, வெள்ளையாக்கும் என்று விற்கிற பேஸ்ட்டுகள் பல 100ஐத் தாண்டும். சோடாப் படிகம் எனாமலைவிட ரொம்ப மெத்து, தண்ணீர் பட்டால் கரைந்தும் விடும், அதனால் பல்லைக் கீறும் முன் அதுவே உருண்டு தேய்ந்து போகிறது. காரத்தன்மை உள்ளது என்பதால் வாயில் இருக்கும் அமிலத்தையும் முறிக்கிறது. டீ, காபிக் கறை மெல்ல மெல்லக் கழன்று வரும்.

செய்முறை பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளங்கையில் கால் டீஸ்பூன் சோடா, நாலு சொட்டுத் தண்ணீர், குழைத்து மெத்தென்ற பிரஷ்ஷில் எடுத்து ஒரு நிமிஷம், பெயின்ட் அடிக்கிற மாதிரி லேசாக வட்டம் போட்டுத் தேய்த்துக் கொப்பளிக்க வேண்டியதுதான். வாரத்துக்கு இரண்டு நாள் போதும், ஒரு மாதம் கழித்து வித்தியாசம் தெரிந்தால் உண்டு. உப்புக் கரிக்கும், சிலருக்கு ஈறு லேசாக எரியும், எரிந்தால் விட்டுவிடுங்கள். இது பேஸ்ட்டுக்குப் பதில் ஆகாது, ஏனென்றால் சோடாவில் ஃப்ளோரைடு கிடையாது, சொத்தையைத் தடுக்க அது வேண்டும். தினமும் இரண்டு வேளை பேஸ்ட், அதன் மேல் கூடுதலாக வாரம் இருமுறை இது. சோடா கலந்த பேஸ்ட்டாகவே கிடைத்தால் இன்னும் சுலபம். ஒரே ஒரு எச்சரிக்கை, மளிகைக் கடையில் சோடா என்று கேட்டால் துணி துவைக்கிற சலவைச் சோடாவைக் கொடுத்துவிடுவார்கள், அது வாயைப் புண்ணாக்கிவிடும். ஆப்பத்துக்குப் போடும் சோடா என்று சொல்லியே வாங்குங்கள்.

ஆனால் இதன் எல்லையும் தெரிய வேண்டும். சோடா மேல் கறையைத்தான் எடுக்கும். சொந்த நிறமே மஞ்சளாக உள்ள பல்லை அதன் இயல்பு நிறத்துக்கு மேல் ஒரு படிகூட வெளுக்க அதனால் முடியாது, காரையையும் அசைக்க முடியாது.

நல்லெண்ணெய் கொப்பளிப்பது என் அத்தை முப்பது வருஷமாகச் செய்வது. விடிகாலையில் ஒரு ஸ்பூன் எண்ணெயை வாயில் ஊற்றிக்கொண்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிக்கும் வரை கொப்பளிப்பார்கள். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் கையாலேயேதான் பதில். எண்ணெய் வெள்ளையாக நீர்த்துப் பால் போல ஆனதும் தென்னை மரத்தடியில் துப்புவார்கள். 2008, 2009 வாக்கில் சென்னையில் நல்லெண்ணெயை வைத்துச் சிறிய அளவில் ஆய்வுகள் நடந்தன. பல்லில் படியும் கிருமிகளும் ஈறு வீக்கமும் குறைந்தன என்று அவற்றில் வந்தது. அவை பார்த்தது கிருமியையும் ஈறையும்தான், வெண்மையை இல்லை. எண்ணெய் பல்லை வெளுக்கும் என்பதற்கு நம்பும்படியான சான்று கிடையாது. கெடுதல் இல்லை, பிடித்தால் செய்யலாம், ஆனால் பிரஷ்ஷை விட்டுவிட்டு இதைச் செய்யக் கூடாது. விழுங்கவும் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம், எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குள் போனால் சாதாரண விஷயமில்லை.

குச்சிகளில் எனக்கு மரியாதை உண்டு. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று படித்தோமே, அதில் வேல் என்பதைப் பலர் வேம்பு என்று நினைக்கிறார்கள், அது கருவேல மரம். உறுதி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், வெளுப்பு என்று சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆலிலும் கருவேலிலும் இருப்பது துவர்ப்பு, ஈறுக்கு இதமென்று அதைக் கொண்டாடினார்கள். வேப்பங்குச்சியின் கசப்புச் சத்துக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு, மிஸ்வாக் என்கிற உகா மரக் குச்சிக்கும் அப்படியே. நுனியை நன்றாக மென்று நார் நாராகப் பிரித்து, மேலிருந்து கீழாகத் தேய்த்தால் மேல் கறை கொஞ்சம் போகும். மெல்லாமல் கட்டையாக வைத்துக் குறுக்கே இழுத்தால் ஈறு கிழியும். பல்லின் உள்பக்கத்துக்கும் கடைவாய்க்கும் குச்சி சரியாக எட்டாது. ஊரில் இருந்தால் செய்யுங்கள், குச்சிக்காகப் பாக்கெட் வாங்கிக் கல்யாணத்துக்குள் வெள்ளையாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

மஞ்சள் தேய்த்தால் மஞ்சள் போகும் என்பதை நான் நம்பவில்லை, சான்றும் இல்லை, பல்லின் நிறத்தில் வைத்த அடைப்பில் அதன் சாயம் ஏறிவிடும். வாழைப்பழத் தோலுக்கும் ஆதாரம் கிடையாது, கெடுதலும் கிடையாது. ஸ்ட்ராபெரியும் சோடாவும் கலந்த விழுதை 2014ல் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். மேலே படிந்த அழுக்கு போனதே தவிர பல் உண்மையில் வெளுக்கவில்லை. நம்மூர் விலைக்கு அந்தப் பழத்தைச் சாப்பிட்டுவிடலாம். உப்பு, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கொப்பளிக்க நல்லது, கல்லாகத் தேய்க்க ஆகாது.

இயற்கைப் பொருள் பட்டியலில் சேராவிட்டாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல்லின் உள் நிறத்தை உண்மையில் மாற்றுகிற வேலை முக்கியமாக அதனுடையதுதான். அது ராவுவதில்லை, எனாமலுக்குள் ஊடுருவி நிறம் தரும் பொருள்களை உடைத்து வெளுக்கிறது. அதற்காக மருந்துக் கடையில் புண் கழுவ விற்கும் பாட்டிலை வாங்கி சோடாவில் குழைத்துத் தேய்க்காதீர்கள். அது பெரும்பாலும் 6 சதவீதம் இருக்கும், ஈறில் பட்டால் வெந்து வெள்ளையாகிவிடும், எங்கே எவ்வளவு நேரம் படுகிறது என்று வீட்டில் கட்டுப்படுத்த வழியில்லை. ஐரோப்பிய நாடுகளில் பொதுமக்கள் நேராக வாங்கும் பொருளில் இது 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அதற்கு மேல் 6 சதவீதம் வரை பல் மருத்துவர் வழியாகத்தான் என்று சட்டமே இருக்கிறது.

டாக்டர் வழியாகச் செய்கிற வீட்டு முறை ஒன்று உண்டு, 1989ல் அமெரிக்காவில் இரண்டு பல் மருத்துவர்கள் எழுதி வெளியிட்டது. உங்கள் பல்லை அச்சு எடுத்து அதே அளவில் மெல்லிய உறை செய்து, அதில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை வைத்து ராத்திரி போட்டுத் தூங்க வேண்டும். அந்த ஜெல் வெளிவிடுவது 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுதான், உறை அதை ஈறில் வழியாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டு வாரத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். சில நாள் கூசும், பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் போட்டால் அடங்கும், பெரும்பாலும் தானாகவும் போய்விடும். தொப்பி போட்ட பல், அடைப்பு வைத்த பல் வெளுக்காது, அது பழைய நிறத்திலேயே தனியாகத் தெரியும். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், பதினெட்டு ஆகாதவர்கள் தள்ளிப் போட வேண்டும். சொத்தை இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். செலவு சில ஆயிரங்கள் ஆகும், ஊருக்கு ஊர் மாறும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றை நம் ஆட்கள் கடைசியில் வைக்கிறார்கள். ஒரு தடவை போய்ப் பல் க்ளீனிங் செய்துகொள்வது. காரையை எந்தச் சோடாவும் எந்தக் குச்சியும் எடுக்காது, கருவியால்தான் வரும். க்ளீனிங் செய்தால் எனாமல் போய்விடும், பல் ஆடும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். காரை சுவர் மாதிரி பல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது, அதை எடுத்ததும் ஏற்கெனவே ஈறு விட்டுப்போன பல் ஆடுவது தெரிகிறது. ஆட்டம் க்ளீனிங்கால் வந்ததில்லை. தனியார் இடங்களில் சில நூறு ரூபாயிலிருந்து ஆகிறது. சென்னையில் 1953ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் அதைவிட ரொம்பக் குறைவு, காத்திருக்கத்தான் வேண்டும்.

அக்கா மகளுக்குக் கீழ்ப்பல்லில் காரை இருந்தது, மேல் பல்லில் ஆபீஸ் டீயின் கறை, மற்றபடி நல்ல பல். அவளுக்கு நான் எழுதியது இதுதான். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது, இந்த வாரமே க்ளீனிங் செய்துவிடு. அதன் பிறகு ஆறு வாரம் சோடா வாரம் இருமுறை, டீ குடித்ததும் உடனே ஒரு வாய்த் தண்ணீர். மார்கழி நடுவில் மறுபடி அந்த ஜன்னலோரம் நின்று பார், போதும் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடு. போதாது என்றால் டாக்டரிடம் உறைக்கு அச்சு கொடு, இரண்டு வாரம் போதும், கூச்சம் அடங்கவும் நாள் இருக்கும். முகூர்த்தத்துக்கு ஒரு வாரமே இருக்கிறதென்றால் க்ளீனிங் மட்டும்தான், அந்த ஒரு வாரத்தில் புதிதாக எதையும் பல்லில் வைக்கக் கூடாது, மணமேடையில் பால் பழம் சாப்பிடும்போது பல் கூசினால் தாங்காது.

முத்துப் பல், முல்லை அரும்பு போன்ற பல் என்று சொல்கிறோமே, ஒரு முல்லை அரும்பைக் கையில் எடுத்து வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பார் என்றும் எழுதினேன். காம்போரம் லேசாக மஞ்சள் ஓடும், தாள் வெள்ளை அதில் எங்கேயும் இருக்காது. அவள் எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டோ அனுப்பினாள்.

க்ளீனிங் முடிந்த அன்றே அவளுக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது. ஆனாலும் உறையும் போட்டுப் பார்க்கிறேன் என்றாள், மார்கழிக் கடைசியில் போட்டாள். ஜெல் போடுகிற நாட்களிலும் அது முடிந்து இரண்டு நாளும் சாயம் ஏறும் எதையும் சாப்பிடாமல் இருப்பது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார், டீ, காபி, பீட்ரூட், மஞ்சள் போட்ட எதுவும் ஆகாது. கல்யாண வீட்டில் சாம்பார் மணக்க மணக்க அவளுக்கு மட்டும் இட்லியும் தேங்காய்ச் சட்னியும், மத்தியானம் தயிர் சாதம், ராத்திரி இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் என்று அக்கா தனியாக எடுத்து வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.